குடத்தின் மேல் என் முடி

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் ஒரு போட்டோ வந்தது. நம்மில் ஒருத்தியின் கடைசி மகள், காலேஜில் படிக்கிறவள், இடுப்பு வரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டி, அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். புற்றுநோய் மருந்தில் முடி கொட்டினவர்களுக்கு விக் செய்யத் தானம் கொடுத்தாளாம். கை தட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. "இன்னாடி பொறாமையா? உன் தலையில மிச்சம் இருக்கறதே நாலு முடி" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். முட்டி தேய்ந்தாலும் உங்களுக்கெல்லாம் வாய் தேயவில்லை.

பொறாமை இல்லை. நானும் ஒரு தடவை கொடுத்தவள்தான். என்னை யாரும் கேட்கவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை. ஆறாவது படிக்கும்போது ஒரு திங்கட்கிழமை மொட்டைத் தலையோடு வந்து நின்றேன். நீங்கள் என்னைத் தேங்காய் என்று கூப்பிட்டீர்கள். வருஷக் கடைசி வரைக்கும் கூப்பிட்டீர்கள். எதற்கு மொட்டை என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்குப் பெருமையாகச் சொல்லியிருப்பேன். இன்றைக்கு வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடு. மழை பெய்தால் நாற்றம் இரண்டு பங்கு. அப்பாவுக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. குழியில் ஊறிய ஆட்டுத் தோலை எடுத்துக் கட்டைமேல் போட்டு, வளைந்த கத்தியால் முடியைத் தள்ளி எடுப்பார். அம்மா ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற மிஷினில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரே ஒரு ஆடம்பரம்தான் இருந்தது, என் தலைமுடி. கரிசலாங்கண்ணியைத் தேங்காய் எண்ணெயில் போட்டு, அடுப்படி முழுக்கப் பச்சை வாசனை வரக் காய்ச்சுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கால்களுக்கு நடுவில் உட்கார வைத்து, உச்சியில் ஊற்றி, அரக்கித் தேய்ப்பாள். என் முடி கறுப்பு. ஆனால் நுனி மட்டும் எப்போதும் செம்பட்டை. எவ்வளவு எண்ணெய் ஊற்றியும் அது மாறவில்லை. "வெயில்ல திரியறவளுக்கு எண்ணெய ஊத்தி இன்னா ஆவப் போவுது" என்று தலையில் ஒரு குட்டு வைப்பாள்.

அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. வேலூரில் ஆபரேஷன் செய்தார்கள். பிறகு சிவப்பாக ஒரு மருந்தைக் கை நரம்பில் ஏற்றினார்கள். கேன்சர் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை. 'அது' என்றார்கள். கம்பெனியில் அவளோடு சாப்பாடு பகிர்ந்துகொண்டிருந்தவர்கள் தங்கள் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வேறு மரத்தடிக்குப் போனார்கள். அம்மா வேலையை விட்டாள்.

இரண்டாவது தடவை மருந்து ஏற்றி வந்த சில நாளில், அம்மா வாசலில் உட்கார்ந்து தலை வாரினாள். சீப்பு முடியோடு இறங்கி மடியில் விழுந்தது. அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். குனிந்து அவள் உச்சியில் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார். சத்தமில்லாமல் வந்தது. கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "குழியில நல்லா ஊறின தோலு இப்பிடித்தான் வரும்" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. முடியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அப்ப மிச்சத்தையும் நீங்களே வழிச்சுட்டுப் போங்க. கத்தி கையோடதான இருக்குது" என்றாள். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வீட்டுக்காரி இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க ஒரே பேச்சு. புருஷன் ஆட்டு முடி உரித்த பாவம் பொண்டாட்டி தலையில் விடிந்ததாம்.

அம்மா பழைய காட்டன் புடவையைக் கிழித்துத் தலையில் கட்டிக்கொண்டாள். அதோடு நின்றிருக்கும். ஆனால் அப்போதுதான் அத்தை மகளுக்கு இடம் அமைந்தது.

அத்தை, அப்பாவின் அக்கா. அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். அதனால் அப்பாவுக்கு அவள் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. மாப்பிள்ளை வீடு திமிரிப் பக்கம், நிலம் நீச்சு உள்ள குடும்பம். நிச்சயதார்த்தத்தில் தாய்மாமன் சீர்த் தட்டு வைக்க வேண்டும். தாய்மாமன் என் அப்பா. தட்டைத் தூக்கிக்கொண்டு சபைக்கு முன்னால் வர வேண்டியது தாய்மாமன் பெண்டாட்டி, அதாவது என் அம்மா.

"எனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க அண்ணி" என்றாள் அம்மா.

"இன்னா ஒடம்புன்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்லட்டும்?"

"முக்காடு போட்டுக்கிட்டு வர்றேன்."

"நல்ல காரியத்துல முக்காடா? தாலி கட்டிக்கிட்டவ மொட்டத் தலையில முக்காடு போட்டுக்கிட்டு நின்னா, அந்த வீட்டு ஜனங்க தட்டைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிடும். 'அது' நம்ம வம்சத்துல இருக்குதுன்னு தெரிஞ்சா என் பொண்ண எவன் கட்டுவான்?"

அது அம்மாவின் ரத்தத்தில் வந்தது, அத்தை மகளுக்கும் அதற்கும் ஒரு ஒட்டும் இல்லை என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் அறிவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டோப்பா வாங்குவதென்று முடிவானது.

மருந்து ஏற்றுகிற நாட்களில் வேலூரில் டோப்பா தேடினோம். அம்மாவும் நானும் அத்தையும். காலையில் ஊசி, மத்தியானம் கடை. அம்மா வழியில் ஒரு சாக்கடை ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுப்பாள். அத்தை அவள் முதுகைத் தட்டிக்கொண்டே எதிர்ப்பக்கம் இருக்கிற கடைகளின் பலகைகளைப் படிப்பாள்.

லாங் பஜாரில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர். சவுரிகள் கொத்துக் கொத்தாக ஆணியில் தொங்கின. கடைக்காரர் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவின் தலைத்துணியைப் பார்த்தார். "இதக் கட்டணும்னா சொந்த முடி ஒரு விரல் நீளமாவது இருக்கணுமே" என்றார். அத்தை சட்டென்று துணியை இழுத்துக் காட்டினாள். "ஒண்ணுமே இல்லீங்க, பாருங்க." கடையில் வளையல் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். ஒருத்தி தன் கைக்குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டாள். கடைக்காரர் சவுரியை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு, நாடகச் சாமான் வாடகைக்கு விடுகிற கடைக்கு வழி சொன்னார்.

அந்தக் கடையை இப்போது நினைத்தாலும் பசை நாற்றம் மூக்கில் ஏறுகிறது. கிரீடங்கள், கதாயுதங்கள், சுவரெங்கும் டோப்பாக்கள். கடைக்காரர் தலை நிமிராமல் கேட்டார்.

"இன்னா வேஷம்மா?"

அத்தை பதில் தேடுவதற்குள் அம்மா சொன்னாள். "குடும்பப் பொம்பள வேஷம்."

அவர் சிரித்துக்கொண்டே திரௌபதிக்கு வைப்பதை எடுத்துக் கொடுத்தார். சணலில் கறுப்புச் சாயம் ஏற்றியது. அம்மா தலையில் வைத்ததும் நெற்றியில் சாயம் இறங்கியது. அடுத்தது ராஜாவுக்கு வைக்கிற சுருட்டை. அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நானும் சிரித்தேன். குழந்தைதானே, அம்மா மீசையில்லாத ராஜா மாதிரி இருந்தாள். அம்மா கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள். பிறகு டோப்பாவைக் கழற்றிக் கடைக்காரர் கையில் கொடுத்து, "பேன் இருக்குது உங்க ராஜாவுக்கு" என்றாள்.

கடைசியில் ஆம்பூரிலேயே ஆள் இருந்தது. முடி வாங்கி வெளியூருக்கு அனுப்புகிற ஒரு பாயின் வீட்டம்மா, வலைத்துணியில் ஒவ்வொரு முடியாகக் கோத்து டோப்பா கட்டுவார். அம்மாவின் தலையை நூல் வைத்து அளந்தார்.

"கட்டித் தர்றேம்மா. உள்ளுக்குப் பழைய சவுரி போட்டுக்கலாம். மேலுக்கு நல்ல முடி வோணும். எங்கிட்ட இருக்கறதெல்லாம் கோயில்ல எறக்குன முடி, முரட்டு மால்." பேசிக்கொண்டே அவர் கண் என்மேல் வந்தது. என் பின்னலைத் தூக்கி உள்ளங்கையில் வைத்து ஏந்திப் பார்த்தார். "இந்த மாதிரி இளசா கெடச்சா ஜோரா வரும். பட்டு."

அத்தையும் பின்னலைப் பார்த்தாள். அம்மா என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். பின்னல் பாய் வீட்டம்மாவின் கையிலிருந்து உருவிக்கொண்டு வந்தது.

"எம் பொண்ணு தலையில யாரும் கை வைக்கக் கூடாது அண்ணி. நான் சபைக்கு வராட்டியும் போவுது" என்றாள் அம்மா.

"யாரு வைக்கப் போறாங்க?" என்றாள் அத்தை.

அடுத்த தடவை மருந்து ஏற்றியபோது அம்மாவை ஆஸ்பத்திரியில் நாலைந்து நாள் படுக்க வைத்தார்கள். அப்பா கூடவே இருந்தார். அத்தை என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரவுச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் முட்டை வைத்தாள். "உங்கம்மா பொழைக்கணுமா வேணாமா?" என்று கேட்டாள். "முருகனுக்கு நேர்ந்துக்கிட்டேன். உம் முடியக் குடுத்தா உங்கம்மாவ விட்டுடுவாரு. பெரியவங்க முடிய விட சின்னப் பொண்ணு முடிதான் சாமிக்கு இஷ்டம்." நான் உடனே சரி என்றேன். முடி மட்டும்தானா கேட்கிறார் என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முருகன் மலைக்குப் போனோம். மொட்டை போடுகிற இடத்தில் மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் தலையில் தண்ணீர் தெளித்து, நேரே கத்தியை வைத்தார்கள். முடி ஈரமாகக் கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்தது. எனக்கு மட்டும் அத்தை பின்னலை இறுக்கிப் போட்டு, அடியிலும் நுனியிலும் நூல் சுற்றிக் கட்டியிருந்தாள். நாவிதரிடம் ஏதோ காதோடு சொன்னாள். அவர் கத்திரிக்கோலை எடுத்துப் பின்னலை அடியோடு வெட்டினார். அதற்குப் பிறகுதான் தண்ணீர், கத்தி. அத்தை பின்னலைத் துண்டில் சுற்றி ஒயர் கூடைக்குள் வைத்தாள், மேலே தேங்காய்.

"சாமிக்குப் போடலியா அத்தே?"

"உள்ள போய்ப் போடணும். நீ கண்ண மூடிக் கும்புடு. நான் பாத்துக்கறேன்."

கண்ணை மூடிக் கும்பிட்டேன். தலையில் சந்தனம் குளுகுளுவென்று இருந்தது. அம்மா இனி சாக மாட்டாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. மலையிலிருந்து குதித்துக்கொண்டு இறங்கினேன். மறுநாள்தான் உங்கள் தேங்காய்.

அம்மா வீட்டுக்கு வந்தபோது நான் வாசலுக்கு ஓடி, "உனக்காக வேண்டிக்கிட்டேன்மா" என்று தலையைக் காட்டினேன். அம்மா தன் தலைத்துணியைத் தொட்டாள், பிறகு என் தலையைத் தொட்டாள். அத்தையைப் பார்த்தாள். "கொழந்த தானா ஆசப்பட்டுச்சு" என்றாள் அத்தை.

நிச்சயத்துக்கு முன்னால் டோப்பா வந்தது. மெட்ராஸிலிருந்து தெரிந்தவர் மூலமாக வரவழைத்ததாக அத்தை சொன்னாள். எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சாமி அதற்குள் முடியைக் கொடுத்துவிட்டாரே என்று. அம்மா குடத்துக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு கற்றையைக் கையில் எடுத்தாள். விரலால் வழித்துக்கொண்டே நுனிக்குப் போனாள். நுனியை வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகம் சுருங்கியதை நான் மருந்தினால் வருகிற குமட்டல் என்று நினைத்தேன்.

"நல்லாயிருக்குதா?" என்றாள் அத்தை.

"எங்க வளந்த முடியோ, நல்லாத்தான் இருக்குது" என்றாள் அம்மா.

நிச்சயதார்த்தம் அத்தை வீட்டில். அம்மா பட்டுப்புடவை கட்டி, டோப்பாவைப் பின்னி, அதில் மல்லிகை வைத்துக்கொண்டாள். புழுக்கத்தில் நெற்றியில் வேர்வை ஓடியது. மண்டையில் புண் இருந்தது, வலை அதில் உரசியது. ஆனாலும் சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவளைத் திருப்பி நிறுத்திப் பார்த்தார்.

"யம்மாடி, எவ்ளோ முடி! இன்னாம்மா போட்டுக் குளிக்கிற?"

பக்கத்தில் நின்ற என்மேல் அவர் பார்வை விழுந்தது. "பொண்ணுக்கு இன்னா மொட்டை? எந்தக் கோயிலு?"

நான் வாயைத் திறந்தேன். எங்கம்மா பிழைக்கணும்னு முருகனுக்குக் கொடுத்தேன் என்று சபை நடுவில் சொல்ல, நாக்கு நுனியில் வைத்திருந்தேன். அத்தை முந்திக்கொண்டாள்.

"கோயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேனு. தலை முழுக்கப் புழுத்துக் கெடந்துச்சு. இவ எங்க பாக்கறா பொண்ண, தன் தலைய ஜோடிச்சுக்கவே நேரம் சரியா இருக்குது."

கூட்டம் சிரித்தது. என்னை ஒட்டி உட்கார்ந்திருந்த பெண் பாவாடையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சொல்வாள் என்று பார்த்தேன். தட்டில் வெற்றிலை மேலே வைத்த எலுமிச்சம்பழம் உருண்டது. அதை எடுத்து மறுபடி வைத்தாள். அந்த ஒரு நிமிஷம் நான் அம்மாவை வெறுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்தினாள். டோப்பாவைக் கழற்றினாள். வலையின் உட்பக்கம் ரத்தக் கறை. அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அப்படியே என் மொட்டைத் தலையில் வைத்தாள். காது வரை இறங்கி மூடியது.

"உன்னுதுதான்டி. நுனியப் பாரு."

பார்த்தேன். செம்பட்டை. "அப்ப சாமிக்குப் போவலியா? முடி போவலன்னா நீ எப்டிமா பொழப்ப?" என்று கத்தினேன்.

அப்போதுதான் அம்மாவுக்கு என்ன நடந்ததென்று முழுசாகத் தெரிந்தது. அவள் அத்தையைத் திட்டவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு, "சாமி இன்னாடி டோப்பாவா கட்டப் போவுது? அதுக்கு எதுக்கு உம் முடி?" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமிக்குச் சேர வேண்டியதை நாங்கள் வழியிலேயே எடுத்துக்கொண்டோம். அவர் சும்மா விடுவாரா? அன்றிலிருந்து அம்மா இருமினால்கூட நான் குடத்தைப் பார்ப்பேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அம்மா போய்விட்டாள். ஆஸ்பத்திரியில், நான் கட்டில் ஓரத்தில் நின்றிருக்கும்போதே அப்பாவிடம் சொன்னாள். "அந்த முடி பாப்பாவோடது. வேற எங்கயும் போவக் கூடாது." அப்பா தலையை ஆட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் தலை ஆட்டுவார். காரியம் முடிந்த அன்றைக்குக் குடம் நிமிர்ந்து தண்ணீரோடு நின்றது. முடி எங்கே என்று கேட்டேன். "வீட்ல வச்சா ஆவாது. நான் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்" என்றாள் அத்தை.

சாமிதான் அம்மாவை எடுத்துக்கொண்டார் என்று எத்தனை வருஷம் நம்பினேன் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குக் கல்யாணமாகி, குழந்தைக்கு முதல் மொட்டை போடுகிற அன்றைக்குக்கூட, விழுந்த முடி முழுக்க உண்டியலில் சேர்கிறதா என்று நின்று பார்த்தேன். இன்னொரு கூத்தும் கேளுங்கள். அத்தை மகளின் மாமியார் ரொம்ப காலம் கழித்து என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னார், உங்கம்மாவுக்கு என்ன வியாதி என்று எங்களுக்கு நிச்சயத்துக்கு முன்பே தெரியும் என்று. அவருடைய தம்பி அப்பாவோடு அதே சுண்ணாம்புக் குழியில் நின்றவராம். "தெரிஞ்சேதான் வந்தோம். பாவம், சிரமப்பட்டு ஜோடிச்சுக்கிட்டு வந்திருக்குதேன்னு நாலு வார்த்தை நல்லதா சொன்னேன்" என்றார். அத்தை கெட்டவள் இல்லை, மகளுக்காகப் பயந்தாள் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள். எனக்கு அந்த மனசு வரவில்லை.

அடுத்த மாம்பழக் காலத்தில் அப்பாவுக்கு மறுபடி கல்யாணம் செய்து வைத்தாள் அத்தை. நெமிலிப் பக்கத்துப் பெண். சின்ன வயசு, ஏழைப்பட்ட குடும்பம், நல்ல சுபாவம். தலையில்தான் முடி எலிவால் மாதிரி. என் தலையில் அப்போது காது மறைகிற அளவு வளர்ந்திருந்தது. யாரும் எண்ணெய் தேய்க்காததால் முள்ளு முள்ளாக நின்றது.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். எல்லோரும் அவளைச் சித்தி என்று கூப்பிடச் சொல்லியும் நான் அதுவரை வாயைத் திறக்கவில்லை. கல்யாணப் பூ வாடி, பின்னலோடு சிக்கியிருந்தது. "சிக்கெடுத்து உடு பாப்பா. எனக்குப் பின்னால கை எட்டல" என்றாள். பூவை எடுத்தேன். உள்ளே கறுப்பு நூலால் கட்டிய சவுரி. பின்னலைப் பிரித்துக்கொண்டே கீழே வந்தேன். நுனிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. டோப்பாவைப் பிரித்துக் கட்டின சவுரி, நுனி செம்பட்டை.

சித்திக்கு ஒன்றும் தெரியாது. சவுரியை முன்னால் இழுத்துத் தடவிப் பார்த்தாள்.

"உங்கத்த குடுத்தாங்க. மெட்ராஸ்ல வாங்கினதாம். எவளோட முடியோ பாவம், எவ்ளோ மெத்துன்னு இருக்குது பாரேன். பெத்தவ நல்லா எண்ணெ தேச்சு வளத்திருக்கா."

"ஆமா சித்தி" என்றேன். அதன் பிறகு சீப்பை எடுத்து என் முடியை அவளுக்கு வாரிவிட்டேன்.